ஒடிந்த ஆக்சில்

போன மாதம் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும் இருந்த நேரம். தண்டலம் ஏரிக்கரை மேட்டில் என் சைக்கிளின் பின்சக்கர ஆக்சில் ஒடிந்து கேனோடு விழுந்தேன். முப்பது லிட்டர் பால் மண்ணுக்குப் போனது. முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது. பால் காசு இன்னும் ஆறவில்லை.

ஒடிந்தது அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிள் இல்லை. மூட்டுவலி வந்த பிறகு, கியர் இருந்தால் மேடு ஏற லேசாக இருக்குமே என்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய புது வண்டி. இருபத்தொரு கியர், டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் அப்சார்பர். கேரியர் மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டேன்.

சைக்கிள் கடைத் தம்பி சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். "பல்லுச் சக்கரம் ஏழு அடுக்கு இருக்குதாண்ணா? அத ஹப் மேல மரை போட்டுத் திருகிக்கிறாங்க. அதுக்கு எடம் வுட்டதால இந்தப் பக்கத்து பேரிங் உள்ள தள்ளிப் போயிடுச்சு. ஆக்சில் தனியா நீட்டிக்கினு நிக்குது. வெயிட்டு வச்சா மொதல்ல வளையும், அப்புறம் ஒடியும்."

அப்பாவின் வண்டியில் பின்னால் ஒரே பல்லுச் சக்கரம். பேரிங் ஓரத்திலேயே இருக்கும். இரண்டு மூட்டை நெல் ஏற்றினாலும் முனகாது.

இதற்கு மருந்து ஒன்றும் புதிதில்லை. 1978இலேயே ஜப்பானின் ஷிமானோ தன் உயர்ரக டியூரா ஏஸ் வரிசையில் ஃப்ரீஹப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஃப்ரீவீலின் வேலையை ஹப்போடு சேர்த்துவிட்டு, பேரிங்கை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆக்சிலுக்குப் பாரம் குறைந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் என் விலை வண்டிக்கு அது வரவில்லை. டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, ஷாக் வந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் என் மகனிடம் கேட்டேன். "பழைய டைக்குப் போட்ட காசு எப்பவோ வந்துடுச்சுப்பா. இப்போ அதுல அடிக்கிற ஒவ்வொரு பீஸும் லாபம். அத எவன் நிறுத்துவான்? புது டைக்குப் போட்ட காச மொதல்ல காஸ்ட்லி மாடல்லதான் எடுப்பாங்க. அதையே கீழ் மாடல்லயும் குடுத்துட்டா, மேல் மாடல எவன் வாங்குவான்?"

ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் சைக்கிள் மிதிக்கும் நண்பர்களுக்கு இது தெரிந்த கதை. பட்டன் தட்டினால் மின்சாரத்தில் கியர் மாறும் டிஐ2, டியூரா ஏஸில் வந்தது 2009இல். அடுத்த படியான அல்டெக்ராவுக்கு 2011. அதற்கும் கீழே உள்ள 105க்கு 2022. இரண்டு படி இறங்கப் பதின்மூன்று வருஷம். அந்த 105 போட்ட சைக்கிள் விலைக்கு நான் இரண்டு கறவை மாடு வாங்குவேன், அது வேறு விஷயம்.

ஆனால் என் முழங்காலுக்குப் புதுசு எதுவுமே வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1902, 1903 வாக்கிலேயே மூன்று கியரையும் ஹப்புக்குள் வைத்து மூடிவிட்டது. சேறு படாது, அடிபட்டு வளையாது. அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கும்போதே அது பழைய சமாச்சாரம். பாரம் ஏற்றும் கறுப்பு சைக்கிளில் அந்த ஹப் ஒன்று இருந்தால் எனக்குப் போதும். கடைகளில் கேட்டுப் பார்த்தேன், சிரிக்கிறார்கள். கியர் கேட்பவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறான். பால் கேன் கட்டுகிறவன் கியர் கேட்பான் என்று யாரும் கணக்கே போடவில்லை.

மோட்டார் சைக்கிளில் நடந்தது வேறு. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது, 2019 ஏப்ரலோடு எல்லாவற்றிலும் போட்டாக வேண்டும் என்றானது. போட்டார்கள். சைக்கிள் ஆக்சிலுக்கு யார் சட்டம் போடப் போகிறார்கள்?

இதையெல்லாம் கடைத் தம்பியிடம் சொன்னேன். அவன் கம்பெனிக்காரன் பக்கம்தான் பேசினான். "நீங்க சொல்ற ஹப்பு வந்தாலும் எங்கிட்ட ஸ்பேர் ஏதுண்ணா? கெட்டுப்போனா மெட்ராஸுக்குத்தான் போவணும். அதுவரைக்கும் பால் இன்னா பண்ணுவீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் கடையில் இருப்பது நாலு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும்.

அன்றைக்கே வேறு ஆக்சில் போட்டுக் கொடுத்துவிட்டான். அந்த வண்டியில் இப்போது பேரன் டியூஷனுக்குப் போகிறான். பால் அப்பாவின் சைக்கிளில் போகிறது. ஏரிக்கரை மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறேன்.