ராஜாக்கமங்கலத்துல ஸ்னோ விழுமா மக்கா?

டிசம்பர் பிறந்தா போதும்... ஹாஸ்டல் ரூம்ல ஒரு குரூப் மூணாறுக்கு பிளான் போடும். இன்னொரு குரூப் மணாலி, காஷ்மீர்னு கனவு காணும். பர்ஸைத் திறந்து பார்த்தா ரெண்டுமே நடக்காது. கடைசியில வண்டி எங்கே திரும்பும்? பீச்சுக்குத்தான்! அப்படித் திரும்புற உங்களுக்காகத்தான் இந்த வாரம் ராஜாக்கமங்கலம்.

நாகர்கோவில்ல இருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. தோப்பு முடியற இடத்துல கடல். மார்கழி மாசம் விடியற்காலையில இந்த ரோட்டுல பைக் ஓட்டிப் பாருங்க. சீட் நனைஞ்சு கிடக்கும், கை விறைக்கும், முன்னாடி போற பஸ்ஸோட பின்பக்கம் மங்கலாத்தான் தெரியும். பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஃபிரெண்டு கண்டிப்பா கேட்பான்... "மக்கா, இங்கே ஸ்னோ விழுமாலே?"

சிரிக்காதீங்க. கேள்வியில விஷயம் இருக்கு!

பனின்னா எந்தப் பனி?

முதல் குழப்பம் நம்ம மொழியிலேயே இருக்கு. புல் நுனியில நிக்கிற துளியும் பனிதான், ரோட்டை மறைக்கிறதும் பனிதான், இமயமலையில கொட்டுறதும் பனிதான். வருஷத்தை ஆறு பருவமாப் பிரிச்ச நம்ம முன்னோர்கள் அதுல ரெண்டு பருவத்துக்குப் பனி பேரையே வெச்சாங்க. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஸ்னோவையே பார்க்காத ஊர்ல வருஷத்துக்கு நாலு மாசம் பனிக்காலம்!

ஊட்டியில ஜனவரி விடியற்காலையில புல்வெளி வெள்ளை வெளேர்னு கிடக்குமே, அது உறைபனி. வானத்துல இருந்து விழுந்தது இல்லை. தெளிவான ராத்திரியில தரை தன் சூட்டை எல்லாம் மேலே விட்டுட்டு ஜில்லுனு ஆகும்போது, காத்துல இருக்கிற ஈரம் புல் மேலேயே உறைஞ்சு நிக்கும். ராஜாக்கமங்கலத்துல உங்க பைக் சீட்டை நனைச்சதும் இதே வேலைதான். ஆனா இங்கே உறையற அளவுக்குக் குளிர் இல்லாததால தண்ணியாவே நின்னுடுது.

ஸ்னோன்னா மேகத்துல உண்டாகி, கரையாம தரை வரைக்கும் வந்து சேரணும். அது தனிக் கதை.

அமெரிக்காவுல பீச்சுலயே விழுந்துச்சே!

விழுந்தது உண்மைதான். 2025 ஜனவரி 21-ம் தேதி அமெரிக்காவோட தெற்குக் கடற்கரையில இருக்கிற நியூ ஆர்லியன்ஸ்ல 8 இஞ்ச் ஸ்னோ கொட்டுச்சு. ஃபுளோரிடா மாநிலத்து பென்சகோலாவுல கடற்கரை மணல் மேலேயே வெள்ளைக் கம்பளம். அந்த ஊர்க்காரங்களுக்கே கண்ணை நம்ப முடியலை. அதே ஃபுளோரிடாவுல இன்னும் தெற்கே இருக்கிற மியாமியிலயும் 1977 ஜனவரி 19 அன்னிக்கு லேசா நாலு துகள் பறந்துச்சு.

அவங்களுக்கு முடிஞ்சது நமக்கு ஏன் முடியாது?

முதல்ல மேப்பைப் பாருங்க. நியூ ஆர்லியன்ஸ் பூமத்திய ரேகையில இருந்து சுமார் 30 டிகிரி வடக்கே இருக்கு. ராஜாக்கமங்கலம் வெறும் 8 டிகிரி. சூரியனுக்கு நாம செல்லப்பிள்ளை!

அடுத்து, வடதுருவக் குளிர்க்காத்து கனடாவுல இருந்து கிளம்பினா, அமெரிக்காவோட தெற்குக் கடற்கரை வரைக்கும் குறுக்கே நின்னு தடுக்க ஒரு பெரிய மலைத்தொடர் கிடையாது. சமவெளியில நேரா இறங்கி வந்துடும். நமக்கு இமயமலை நிக்குது. மத்திய ஆசியாவோட கடுங்குளிரை அதுதான் தடுக்குது. தாண்டி வந்து டெல்லி, பஞ்சாபை நடுங்க வைக்கிற குளிரும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல தெற்கே நடந்து வர்றதுக்குள்ள சூடு ஏறிப் போயிடும்.

மூணாவது, நம்ம கடல். குமரி முனையைச் சுத்தி ஜனவரியிலகூட கடல்நீர் 27, 28 டிகிரியில வெதுவெதுன்னு இருக்கும். பக்கத்துலயே இப்படி ஒரு வெந்நீர் அண்டா இருக்கும்போது கரை எப்படி உறையும்?

நம்ம வானிலை ஆய்வுத்துறை கடலோர ஊர்களுக்குக் குளிர் அலைன்னு அறிவிக்கணும்னா, குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரிக்கோ அதுக்குக் கீழேயோ இறங்கணும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைஞ்சிருக்கணும். குமரிக் கரையில ஜனவரி ராத்திரியே சராசரியா 22, 23 டிகிரி. ஸ்னோவை விடுங்க... ஆபீஸ் கணக்குப்படி 'குளிர்'னு சொல்றதுக்கே இன்னும் ஏழெட்டு டிகிரி பாக்கி!

ஆனா மேலே பெய்யுது

ஏமாந்துடாதீங்க, ஒரு நல்ல சேதி இருக்கு. மேலே போகப் போக, கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். ராஜாக்கமங்கலத்துக்கு நேர் மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துல பூஜ்ஜியம் டிகிரி. ஐப்பசி, கார்த்திகையில இடியோட வர்ற உயரமான மழை மேகங்களோட மேல்பாதி முழுக்க ஐஸ்தான். அங்கே உண்டாகிற பனித்துகள்ல நிறைய கீழே வர்ற வழியில கரைஞ்சு மழையாகுது. காலேஜ் விட்டு வரும்போது உங்க சட்டையை நனைச்ச மழையில பாதி, பத்து இருபது நிமிஷம் முன்னாடி ஸ்னோவா இருந்திருக்கலாம்!

கரையறதுக்கு நேரம் இல்லாம பெரிய கட்டியா வந்து விழுந்தா அது ஆலங்கட்டி. அது வெயில் ஊர்லயும் விழும். 'தமிழ்நாட்டுல ஸ்னோ'ன்னு வாட்ஸ்அப்ல படம் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி உருண்டையா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

குளிர் வேற வழியில வருது

வடக்குக் குளிரை இமயமலை தடுத்துச்சு. தெற்கே? ராஜாக்கமங்கலம் கரையில நின்னு தெற்கே பார்த்தீங்கன்னா, அண்டார்டிகா வரைக்கும் பெரிய நிலப்பரப்பே கிடையாது. எல்லாம் தண்ணி. தடுக்க சுவரும் இல்லை.

அந்தத் தென்கோடிக் கடல்ல, பனிக்கண்டத்துக் குளிர்க்காத்தும் வடக்கே இருக்கிற வெப்பக்காத்தும் மோதுற இடத்துல பெரிய பெரிய புயல் உருவாகும். அந்தக் காத்து கிளப்புற அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழிச்சு நம்ம கரையில வந்து ஏறும். இங்கே காத்து இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சுனு அடிக்கும். கடல் மட்டும் திடீர்னு பொங்கும். சத்தமில்லாம திருடன் மாதிரி வர்றதால கேரளக் கரையில இதுக்குக் 'கள்ளக்கடல்'னு பேரு. 2012-ல யுனெஸ்கோவே இந்த வார்த்தையை ஏத்துக்கிச்சு. ஏப்ரல், மே மாசம் இதுக்கு முக்கியமான சீசன்.

இதோட குணம் என்னன்னா, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இடைவெளி அதிகம். அந்த இடைவெளியில கடல் சாதுவாத் தெரியும். "அவ்ளோதான் மக்கா, இறங்கு"ன்னு தோணும்.

2024 மே 6. ராஜாக்கமங்கலம் பக்கத்துல கணபதிபுரம் லெமூர் கடற்கரை. கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்திருந்த மருத்துவ மாணவ, மாணவிகள் கடல்ல இறங்கினாங்க. அஞ்சு பேர் திரும்பி வரலை. அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னாடியே விடப்பட்டிருந்துச்சு. உங்க வயசு, உங்களை மாதிரியே லீவுல வந்தவங்க. இந்த வருஷம் உங்க ஆஸ்பத்திரியில ஸ்டெதஸ்கோப்போட நின்னிருக்க வேண்டியவங்க.

ஸ்னோ வருமான்னு வானத்தைப் பார்க்கிறோம். குளிர் தேசத்துப் புயலோ நம்ம காலடிக்கே வந்துட்டுப் போகுது. அதையும் பார்க்கத் தெரிஞ்சுக்கிட்டா இந்தக் கரை எவ்வளவு அழகு!

போறவங்க கவனத்துக்கு...

* எப்போ போகலாம்: டிசம்பர், ஜனவரி விடியற்காலை. நிலம் குளிர்ந்து, கரையில இருந்து கடலுக்குக் காத்து அடிக்கிற நேரம். பாய்மரம் கட்டின கட்டுமரங்கள் இந்தக் காத்தைப் பிடிச்சுத்தான் ஒரு காலத்துல தொழிலுக்குப் போச்சு. மதியம் திசை மாறும் கடற்காத்துதான் அவங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுச்சு.

* எப்படிப் போகலாம்: நாகர்கோவில்ல இருந்து பஸ் இருக்கு. பைக்னா மஃப்ளர் மறக்காதீங்க. மூடுபனியில ஹெட்லைட்டை டிம்லயே வைங்க. பிரைட்ல போட்டா வெளிச்சம் உங்க கண்ணுலயே திருப்பி அடிக்கும்.

* கிளம்பறதுக்கு முன்னாடி: ஹைதராபாத்ல இருக்கிற 'இன்காய்ஸ்' என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை எச்சரிக்கையைத் தினமும் வெளியிடுது. போன்ல ரெண்டு நிமிஷ வேலை.

* அங்கே போனதும்: கரையில இருக்கிற மீனவர் ஒருத்தர்கிட்ட "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?"ன்னு கேளுங்க. "இறங்காதே தம்பி"ன்னு சொன்னா, சுக்குக்காப்பி வாங்கிக் குடிச்சுட்டு மணல்ல உட்காருங்க. அங்கே இருந்தே கடல் நல்லாத் தெரியும்!