மேல்வீட்டில் சிகரெட் மணம்

கொஞ்சம் நீளமான பதிவு. ரூம், அனெக்ஸ் என்று வெளி ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற நம்ம ஊர் ஆக்கள் நேரமெடுத்து வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம், கடைசிப் பகுதி எல்லா வீட்டுக்கும் உரியது.

போன கிழமை என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார். இப்போது உல்லைப் பக்கம் இரண்டு கபானா போட்டிருக்கிறார். "சேர், நீங்களும் மேல்வீட்ட டூரிஸ்டுக்குக் குடுக்கிறீங்கதானே. உள்ளுக்க இருந்து சிகரெட் பத்தினா என்ன செய்யிற? சொன்னா ரிவியூ கெடும், சொல்லாட்டி ரூம் கெடும்." அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டு விட்டது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்து வழக்கப்படி நான் இருப்பது மனைவியின் சீதன வீடு. மாமா கட்டியது. அதன் மேல் தட்டை லோன் எடுத்து நான் கட்டினேன், மகளுக்கென்று. அவளுக்கு இப்போது பதினொரு வயது. அவளுடைய காலம் வரும்வரை மாடி பூட்டிக் கிடக்கிறது, லோனோ மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. அதனால் ஒரு ரூம், ஒரு பாத்ரூம், சின்ன பல்கனி, ஒரு ஏசி என்று ஒப்பேற்றி இன்டர்நெட்டில் போட்டேன். கடற்கரையில் இல்லை, பொத்துவில் ஊருக்குள். அதனால் விலை குறைவு. சேர்ஃபிங் சீசன் தொடங்கினால் ஆள் வரும், அலை ஓய்ந்தால் ஆளும் ஓய்ந்துவிடும். வருடத்தில் ஐந்து மாத உழைப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளுக்கு முட்டு இருக்கிறது. சின்னப் பிள்ளையில் இருந்தே பம்ப் பாவிக்கிறாள்.

போன வருடம் ஜூலையில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். வெளிநாட்டவர்கள், ஐந்து இரவு. நல்ல மனிதர்கள். படியடியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். மனைவி வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினாள், பாத்திரத்தைக் கழுவிப் பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மஃரிப் தொழுதுவிட்டு வருகிறேன், மகள் அறையில் இருமிக்கொண்டிருக்கிறாள். அறைக்குள் சிகரெட் மணம். யன்னலால் வருகிறது. எங்கிருந்து என்று பார்த்தால், மேல் பாத்ரூமின் எக்ஸோஸ்ட் ஃபேன் சரியாக அவளுடைய யன்னலுக்கு மேலே. அவர்கள் பாத்ரூமுக்குள் நின்று புகைத்துவிட்டு ஃபேனைப் போட்டிருக்கிறார்கள், மணம் வெளியே போகட்டும் என்று. போனதுதான், என் பிள்ளையின் கட்டிலுக்கு.

படியேறினேன். ஆறு படி ஏறி நின்றுவிட்டேன். பாடசாலை மதிலுக்குப் பின்னால் சிகரெட்டோடு நிற்கிற பொடியன்களைத் தூரத்தில் வைத்தே மணம் பிடிக்கிறவன் நான். கைக்குள் மறைத்து வைத்திருப்பதைக் கக்க வைத்திருக்கிறேன். இங்கே என் சொந்த மாடிக் கதவைத் தட்ட முடியவில்லை. கீழே இருந்து மனைவி, "விடுங்க, இன்னும் ரெண்டு நாள்தானே, அவங்க கோவிச்சிக்கிட்டா பிறகு யார் வருவா" என்றாள். இறங்கி வந்து மகளின் யன்னலைச் சாத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத, ஆனாலும் நடந்தது அதுதான். ஜூலை வெயிலில் இரண்டு இரவு பிள்ளை யன்னல் சாத்திய அறையில் படுத்தாள், மேலே ஏசி ஓடியது.

அவர்கள் போன அன்றே பின்னேரம் அடுத்த ஆட்கள். கண்டிப் பக்கத்தில் இருந்து நம்ம ஆக்கள், கைக்குழந்தையோடு. அந்தத் தங்கச்சி கதவடியில் நின்றே மூக்கைப் பொத்திவிட்டாள். நான் எயார் ஃப்ரெஷ்னர் அடித்து, சாம்பிராணியும் போட்டிருந்தேன். அது இன்னும் மோசம். சிகரெட்டும் மல்லிகையும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு மணம் வந்தது பாருங்கள், அதற்குப் பெயர் கிடையாது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு வீட்டில் ரூம் பார்த்துக் கொடுத்து அனுப்பினேன். அந்தத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல சேர்" என்றுதான் சொன்னார். அதுதான் கூடச் சுட்டது.

இனி, மணத்தை எடுத்த கதை. இது கேட்டவர்களுக்கு உதவும்.

சிகரெட் புகை காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது. அதில் உள்ள நிக்கொட்டினும் தாரும் சுவர், திரைச்சீலை, மெத்தை, தலையணை எல்லாவற்றிலும் படிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஆங்கிலத்தில் இதை மூன்றாம் கைப் புகை என்கிறார்கள். தவழுகிற பிள்ளைக்கும் முட்டுக்காரருக்கும் இதுவே போதும், ஆள் நேரில் நின்று புகைக்க வேண்டியதில்லை. அதனால் வாசம் அடித்து மறைக்கிற வேலை காசுக்குக் கேடு, கழுவித்தான் எடுக்க வேண்டும்.

திரைச்சீலை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வினாகிரி கலந்த தண்ணீரில் ஊற வைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் போட்டோம். மெத்தையை மொட்டை மாடியில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, அப்பச்சோடாவைத் தூவி ஓரிரவு விட்டுத் தட்டியெடுத்தோம். சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது. புதுச் சுவர், வெள்ளை பெயின்ட், ஐந்து நாள் புகை. நம்பவில்லை நான்.

இவ்வளவும் செய்தும் ஏசியைப் போட்டால் பத்து நிமிடத்தில் திரும்ப மணக்கிறது. ஏசி அறைக்குள் இருக்கிற காற்றைத்தானே இழுத்து இழுத்து விடுகிறது. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஃபில்டரை நானே கழுவினேன், பத்தவில்லை. கடைசியில் ஏசி பாஸ் வந்து உள் யூனிட்டைக் கழற்றி கொயிலோடு சேர்த்துக் கழுவிய பிறகுதான் விட்டது. ஆகவே ஏசி ரூம் வைத்திருப்பவர்கள் முதலில் ஏசியைப் பாருங்கள், சுவரைப் பிறகு பார்க்கலாம். எனக்கு நான்கு நாள் ரூம் பூட்டு, சேர்விஸ் காசு வேறு. சீசன் நடுவில்.

கோபத்தோடு அந்த ஆட்களுக்கு எழுதினேன். படம் எடுத்திருந்தேன், மஞ்சள் துணி, பாத்ரூம் மூலையில் கிடந்த சாம்பல் எல்லாம். நட்டஈடு கேட்பது என்றால் அடுத்த ஆள் வருவதற்கு முன்னம் படமெடுத்து, பில்லோடு, புக்கிங் செய்த இடத்தின் மெசேஜிலேயே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை.

பதில் அன்றிரவே வந்தது. மிகவும் வருந்துகிறோம், ஆனால் மேசையில் ஆஷ்ட்ரே வைத்திருந்தீர்களே, அதனால் புகைக்கலாம் என்று நினைத்தோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படம்.

என் வாப்பாவின் பித்தளைச் சாம்பல் தட்டு.

வாப்பா மௌத்தாகிப் பல வருடம். மனைவி அதைப் புளி போட்டு மினுக்கி, வெற்றிலை வட்டாவோடும் பழைய செம்போடும் மேலே அழகுக்கு வைத்திருந்தாள், வெள்ளைக்காரருக்குப் பழைய சாமான் பிடிக்கும் என்று. அது சாம்பல் தட்டு என்பதே எங்கள் இருவர் கண்ணுக்கும் மறந்துபோயிருந்தது. விளம்பரத்திலும் புகைக்கக் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. ஒரு முஸ்லிம் வீடு, கீழே பிள்ளைகள், தெரியாதா என்று இருந்துவிட்டேன். அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏசி சேர்விஸ் காசில் பாதியைத் தாங்களாகவே அனுப்பினார்கள். வாங்கலாமா என்று ஒரு நாள் யோசித்து, வாங்கினேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தார் பிள்ளை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட் விற்கவும் கூடாது. ஆனால் என் அனுபவத்தில் சட்டத்தை எடுத்துக் காட்டினால் விருந்தாளி முகம் மாறும். பிள்ளைக்கு முட்டு என்று சொன்னால் ஆள் தானாகவே அணைத்துவிடும். கபானாக்காரருக்கு வேறு ஒரு காரணமும் கைவசம் இருக்கிறது. கிடுகுக் கூரை, ஒரு பொறி போதும்.

இந்த வருடம் மே மாதம் கொழும்பில் இருந்து மூன்று தம்பிமார் வந்தார்கள். விளம்பரத்தில் எழுதியிருந்தேன், கதவிலும் ஒட்டியிருந்தேன், மகள்தான் கலர் பேனையால் அழகாக எழுதித் தந்தாள். அவர்கள் பல்கனியில் நின்று பத்தினார்கள், கதவு திறந்தபடி. இந்த முறை பத்து படியும் ஏறினேன். "நாங்க வெளியதானே சேர் நிக்கிறம்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உள்ளே வேண்டாம் என்று எழுதியிருந்தேனே தவிர, வேறெங்கே என்று எழுதவில்லை. புகைக்கிறவர் விருந்துக்கு வந்து நாலு நாள் புகைக்காமல் இருக்கப் போவதில்லை. இடம் காட்டாவிட்டால் அவரே ஓர் இடம் பிடிப்பார், அது பாத்ரூமாகத்தான் இருக்கும்.

அன்றிரவே வளவின் பின் மூலையில் மாமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டேன். பால்மா டின் ஒன்றில் மண் நிரப்பி வைத்தேன், ஒரு பல்பும் இழுத்தேன். இப்போது யார் வந்தாலும் சாவி கொடுக்கும்போதே வைஃபை பாஸ்வேர்டுக்கு அடுத்ததாக மாமரத்தைக் காட்டிவிடுவேன். "ஸ்மோக்கிங், மாங்கோ ட்ரீ, எனி டைம்." சிரிப்பார்கள். இந்த சீசன் முழுக்க ஒரு பிரச்சினை இல்லை. வாப்பாவின் தட்டு இப்போது கீழே அலுமாரிக்குள்.

இவ்வளவோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் மகள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். இரண்டாவது நோட்டிஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமலே கேட்டாள். "வாப்பா, மேல மட்டுமா பத்தக்கூடா? பெரிய மாமாக்கு?"

பெரிய மாமா என்றால் மனைவியின் மூத்த காக்கா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வருவார். ஹோலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒன்றைப் பத்த வைப்பார். தேத்தண்ணி வரும், கூடவே ஒரு பழைய பீரிசும் வரும், சாம்பல் தட்ட. பதினாலு வருடமாக இப்படித்தான். எங்கள் கலியாணத்துக்கு ஓடித் திரிந்தவர் அவர். இது அவருடைய வாப்பா கட்டிய வீடு, தங்கச்சிக்கென்று தன் பங்கை விட்டுக் கொடுத்தவர். வந்து ஏறிய மாப்பிள்ளை நான் அவரை எப்படி வெளியே போகச் சொல்வது? காசு தந்து வருகிற ஆளுக்குச் சட்டம் போட்டுவிட்டேன். காசில்லாமல் வருகிறவருக்கு வாய் வரவில்லை.

மனைவியிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சொல்ல ஏலா. நீங்க சொல்றதெண்டா சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வெள்ளி, அவர் வந்ததும் தேத்தண்ணியை நானே எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்கு நடந்தேன். "வாங்க மச்சான், இங்க காத்து நல்லா வருது." வந்தார். கதிரையைப் பார்த்தார், மண் டின்னைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். ஊரில் கதை தெரியாதவரா? "என்ன மச்சான், என்னையும் டூரிஸ்ட் ஆக்கிட்டீங்களா?" என்றார். சிரித்தார்தான். பிள்ளைக்கு இரவில் இழுக்கிறது என்று சொன்னேன். "ம்" என்றார். அன்று ஒன்றும் பத்தவில்லை, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மனைவி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் குசினி யன்னலால் கேற்றைப் பார்ப்பாள். அந்த இரண்டு வெள்ளியும் நான் சாப்பிட்ட சோறு எனக்குத்தான் தெரியும். இரண்டு தரம் ஃபோனை எடுத்து, வாங்க மச்சான், ஹோலிலேயே இருங்க என்று சொல்லப் பார்த்தேன். பக்கத்து அறையில் பம்பைக் குலுக்குகிற சத்தம் கேட்டு வைத்துவிட்டேன்.

மூன்றாம் வெள்ளி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. மோட்டார் சைக்கிளை நேரே மாமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, கதிரையில் உட்கார்ந்து, அங்கிருந்தே, "தங்கச்சி, டூரிஸ்டுக்கு ஒரு தேத்தண்ணி" என்று சத்தம் வைத்தார். மகள்தான் கொண்டுபோனாள். அவள் வருவதைக் கண்டதும் அவர் கையில் இருந்ததை அவசரமாக மண்ணுக்குள் குத்தினார். பாதிகூட முடிந்திருக்காது.

இப்போது எனக்கு வேறு பிரச்சினை. சீசன் முடிந்துவிட்டது, மாரி வரப்போகிறது. மழைக்குள் மனிசனை மரத்தடியில் இருத்த முடியாது, ஹோலுக்குள் கூப்பிடவும் முடியாது. ஒரு சின்னக் கொட்டில் போட நினைத்திருக்கிறேன். யாரிடமாவது பாவித்த தகரம் ஐந்தாறு இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறேன்.