யாழ்ப்பாணத்து வெண்மாடம்

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறுவோர் விடியுமுன்னரே யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம். சென்ற விடுமுறையில் நாமும் எம் மாணவர் சிலரும் அவ்வாறே சென்றோம். கொழும்பிலும் 1990இல் திறக்கப்பெற்ற தேசிய நூலகம் உண்டு. எனினும், கட்டடத்தின் எழிலுக்காகவே ஒரு நூலகத்தைக் காண விழைவோர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையே நாடுவர்.

வெண்சுவர்களும் குவிமாடமும் காலை வெயிலிற் கண்ணைப் பறித்தன. முன்றிலிலே கலைமகள் சிலை. திராவிடச் சாயல் பொருந்த இதனை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். ஆலோசனை நல்கியவர் நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். 1959இல் திறக்கப்பெற்றது. காலணிகளைக் கழற்றிவிட்டே உட்புகுந்தோம். கோயிற் பழக்கமுடைய எமக்கு அது புதுமையன்று.

1981 ஜூன் தொடக்கத்தில் பொலிசாரும் காடையரும் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. எரிந்த சுவர்களை அழிவின் சாட்சியாக அவ்வாறே விட்டுவிடல் வேண்டுமென வாதித்தோரும் உளர். 1998இல் தொடங்கிய பணியாற் பழைய வடிவிலேயே அதனை எழுப்பினர். எழுப்பியதே நன்றென்பது எம் கருத்து. இடிபாட்டினுள் எந்தப் பிள்ளை அமர்ந்து படிக்கும்?

"ஐயா, எரிந்த ஏடுகளுக்கு வேறு படிகள் இருக்கின்றனவா?" என மாணவன் ஒருவன் வினவினான். சுவரை மீண்டும் எழுப்பலாம், ஒரே படியாயிருந்த சுவடியை எழுப்ப இயலாது என்றோம். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்டிலன்.

வாசிப்புக் கூடத்திலே பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் தலைநிமிராது எழுதிக்கொண்டிருந்தனர். நாமும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.