ஏடு பெயர்த்தல்

என் மடிக்கணினி 2013ஆம் ஆண்டினது. விசையை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வரலாம், அத்துணைத் தாமதம். பழுதுபார்ப்பவர் புதியது வாங்கச் சொன்னார். குறையோ நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வன்தட்டில் மட்டுமே இருந்தது. எனவே, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. எனும் திண்மநிலை நினைவகத்தை, அதே 2.5 அங்குல அளவில் வாங்கினேன்.

நான் அஞ்சியது திருகாணிகளுக்கு அன்று. சீறாப்புராண வகுப்புக் குறிப்புகளும் மறைந்த அத்தாவின் குரற்பதிவுகளும் அப்பழைய தட்டில் இருந்தன. சுவடி சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர் நம் முன்னோர். இங்கும் அதுவே முறை. புதியதை யு.எஸ்.பி. இணைப்பான் வழியே பொருத்திப் பழையதை முழுமையாகப் படியெடுத்தேன். ஓர் இரவு கழிந்தது. அத்தாவின் குரலை ஒருமுறை கேட்டுச் சரிபார்த்த பின்னரே திருப்புளியை எடுத்தேன். மின்கலத்தைக் கழற்றி, உடலின் நிலைமின்னேற்றம் நீங்க உலோகத்தைத் தொட்டுவிட்டு, தட்டை மாற்றினேன். கால்மணி நேர வேலைதான்.

இப்போது அரை நிமிடத்தில் திரை விழிக்கிறது, தேநீருக்குத்தான் பொழுதில்லை. எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றி நின்றுவிடுவதும் உண்டு; அதிலிருந்து பதிவுகளை மீட்பது கடினம். ஆதலின் பழைய வன்தட்டைத் துணியிற் சுற்றி அலமாரியில் வைத்துள்ளேன்.