டெப்லெட் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

டெப்லெட் கணினி ஒன்றை வாங்குவதா, வேண்டாமா என்ற கேள்வி, தீர்ப்புக் கிடைக்காத காணி வழக்கைப் போல சில மாதங்களாக என்னிடம் தவணை போடப்பட்டு வருகின்றது. மேசையில் மடிக்கணினி இருக்கின்றது. சட்டைப் பையில் கையடக்கத் தொலைபேசி இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று எதற்கு என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். எந்த விடயமாயினும் இரு தரப்பையும் எழுதிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருவது பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம். அந்தப் பழக்கத்தின்படி இந்த வழக்கையும் இங்கே எழுதிப் பார்க்கின்றேன். ஐம்பதைத் தாண்டிய, தமிழில் வாசிப்பும் எழுத்துமாகக் காலம் கழிக்கின்ற வேறு சிலருக்கும் இது உதவக்கூடும்.

கையில் ஏந்தி வாசிக்கக்கூடிய, புத்தக அளவிலான கணினி என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்கக் கணினி அறிஞர் அலன் கே, ‘டைனாபுக்’ என்ற பெயரில் 1972 இலேயே அதனை விவரித்து எழுதினார். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2002 இல் டெப்லெட் கணினிகளுக்கெனத் தனியான விண்டோஸ் பதிப்பொன்றை வெளியிட்டது. ஆயினும் அது மக்களிடையே பரவவில்லை. 2010 ஜனவரி 27 ஆம் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபேட்டை அறிமுகப்படுத்தியபோதுதான் நிலைமை மாறியது. 9.7 அங்குலத் திரை, ஏறத்தாழ 680 கிராம் எடை, ஆரம்ப விலை 499 டொலர். தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே மூன்றாவதற்கு இடமுண்டா என்ற கேள்வியை அன்று அவரே மேடையில் எழுப்பினார் என்பது குறிப்பிடத்தக்கது. சில வேலைகளையாவது மற்ற இரண்டையும் விட நன்றாகச் செய்தால் மட்டுமே அதற்கு இடமுண்டு என்பது அவர் சொன்ன நிபந்தனை. மேடையில் ஒரு சாய்மனைக் கதிரையில் சாவகாசமாக அமர்ந்தபடியே அவர் அதனை இயக்கிக் காட்டினார். அங்கே எழுதும் மேசை இருக்கவில்லை. அந்தக் காட்சியிலேயே பாதி விடை இருந்தது என்று இப்போது தோன்றுகின்றது.

அவருடைய நிபந்தனையை என் தேவைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். எனது முதல் வேலை எழுதுவது. அதற்கு டெப்லெட் பொருந்தாது என்பதில் எனக்கு ஐயமில்லை. திரையைக் கிடையாக வைத்துத் தட்டச்சுப் பலகையை வரவழைத்தால், அது திரையில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்துக்கொள்கின்றது. எழுதிய இரண்டு பந்திகளை ஒருசேரப் பார்த்து ஒப்பிட முடியாது. விசைகளைத் தடவி அறியும் வசதி இல்லாததால் கண் எழுத்திலிருந்து விலகி விரல்களையே காவல் காக்க வேண்டியுள்ளது. புளூடூத் விசைப்பலகையொன்றை வாங்கி இணைக்கலாம். அதனை நிமிர்த்தி வைக்க உறையும் வாங்கலாம். அவ்வாறு எல்லாவற்றையும் வாங்கி இணைத்த பின்னர் நம் முன்னே இருப்பது ஒரு மடிக்கணினிதான். அது ஏற்கெனவே என்னிடம் இருக்கின்றது.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. எங்கள் தலைமுறையின் கட்டுரைகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. பாமினியில் உண்மையில் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தன்று. ஆங்கில விசைகளின் வரிசை. அந்த எழுத்துரு இல்லாத சாதனத்தில் திறந்தால், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்க, ஆங்கில எழுத்துக் குவியலொன்றே கண்ணில் படும். யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் இருபது ஆண்டுக் கோப்புகளை மாற்றுவதும், மாற்றியவற்றை ஒப்புநோக்குவதும் மேசைக் கணினியில் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆகவே எழுத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு டெப்லெட்டுக்கு எதிரானதே.

அடுத்தது வாசிப்பு. இங்கேதான் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ் நூல்கள் பலவும் டெமி அளவில் அச்சாகின்றன. அதாவது, ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். அந்தப் பக்கத்தின் மூலைவிட்டத்தை அளந்தால் 10.1 அங்குலம் வருகின்றது. கடைகளில் 10.1 அங்குலம் என்று விற்கப்படும் டெப்லெட்டுகளில் நீள்வாட்டமானவை, 16க்கு 10 என்ற விகிதத்தில் அமைந்தவை. அவற்றை நிமிர்த்திப் பிடித்தால், அந்தத் திரை ஏறக்குறைய டெமி நூலின் ஒரு பக்கமேதான். பழைய நாவல்கள் பலவற்றின் கிரவுண் அளவோ இதனிலும் சிறியது. ஆக, வருடிப் பிரதி எடுக்கப்பட்ட ஒரு தமிழ் நூலை அச்சிட்ட அதே அளவில், பெருக்காமலும் நகர்த்தாமலும் வாசிக்கத் தக்க சாதனம் இது. ஆறரை அங்குலத் தொலைபேசியில் அதே பக்கம் பாதி அளவுக்குச் சுருங்கி எறும்பு வரிசையாகிவிடும். மடிக்கணினியில் எழுத்துப் பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் படுக்கையிலோ திண்ணையிலோ பேருந்திலோ அதனை நூலாகப் பிடிக்க முடியாது.

பத்திரிகைப் பக்கத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அகலத்தாள் நாளிதழ் ஒன்றின் மூலைவிட்டம் 25 அங்குலத்துக்கு மேல் இருக்கும். அதனைப் பத்து அங்குலத்தில் அடக்கினால் தலைப்புகள் மட்டுமே தெரியும். மின்னிதழை வாசிக்க இரு விரல்களால் விரித்தும் நகர்த்தியும் அலைய வேண்டும். செய்தியை வாசிப்பதற்காக இதனை வாங்க நினைப்பவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் என்னிடம் வாசிப்பதற்கு அவ்வளவு வருடிய நூல்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன, அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் இருந்தன. ஒரு துவிச்சக்கர வண்டியில் ஏற்றக்கூடியது எவ்வளவு என்பதை அன்று யாழ்ப்பாணத்தார் அனைவரும் அறிந்துகொண்டார்கள். அரிசி, உடுப்பு, அடையாள ஆவணங்கள், வயதானவர்களின் மருந்து ஆகியவை ஏறின. புத்தகங்கள் நின்றுவிட்டன. திரும்பிச் சென்றபோது அலுமாரிகளும் இருக்கவில்லை. 1981 இல் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட ஊரில், இரண்டு அலுமாரிகளைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதற்கில்லை. எனினும் அவற்றில் இருந்தவை இன்னமும் என் நினைவில் வரிசையாக நிற்கின்றன.

2005 இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் அவற்றுட் பல இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யின் இதழ்களை அங்கே காணலாம். ‘சிரித்திரன்’ இருக்கின்றது. ஊர்ப் பாடசாலைகளின் மலர்கள், நினைவு மலர்கள், பிரதேச வரலாறுகள் என்று பட்டியல் நீள்கின்றது. இவை பெரும்பாலும் பக்கங்களைப் படமாக வருடியெடுத்த பிடிஎப் கோப்புகள். எழுத்தின் அளவை மட்டும் கூட்டிக்கொள்ளும் வசதி இவற்றில் இல்லை. பக்கம் முழுவதும்தான் பெருக்கும். அதனால்தான் திரையின் அளவு இவ்வளவு முக்கியமாகின்றது. ஆறு அங்குலக் கிண்டில் கண்ணுக்கு இதமானதுதான். ஆனால் இத்தகைய பக்கங்களுக்கு அது போதாது.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளெழுத்து வந்த பிறகு அச்சு நூலில் சிறிய எழுத்து ஒரு தண்டனை. இங்கே தேவைப்பட்டால் பெருக்கலாம், மங்கிய தாளின் மீது வெளிச்சத்தைக் கூட்டலாம். மறுபுறம், ஒளிவிடும் திரையை நெடுநேரம் பார்த்தால் கண் சிமிட்டுவது குறைந்து கண் வறள்கின்றது. தாளில் தொடர்ந்து மூன்று மணி நேரம் வாசிக்கும் ஒருவர் இதில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து முற்றத்தைப் பார்த்துவர வேண்டியிருக்கும்.

மின்சாரம் இன்னொரு வாதம். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் தாள் தட்டுப்பாட்டினால் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற நிலையைக் கண்டவர்களுக்கு, ஒரு தடவை மின்னேற்றினால் பத்து மணி நேரமளவு வாசிக்கத் தரும் சாதனம் சிறிய விடயமன்று.

விலைக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. பின்னர் ரூபா ஓரளவு மீண்டபோதிலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. பத்திரிகைச் சம்பளமோ இவற்றின் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கின்றது. அதுமட்டுமன்று, இப்பொருளுக்கு ஆயுள் குறைவு. மின்கலம் சில நூறு தடவைகள் மின்னேற்றிய பின் தளரத் தொடங்கும். அதனைக் கழற்றி மாற்றுவது நம் கையால் ஆகாது. மென்பொருள் மேம்படுத்தல்களும் ஒருநாள் நின்றுவிடும். 2010 இல் வெளிவந்த முதலாவது ஐபேட்டுக்கு 2012 இலேயே புதிய பதிப்புகள் கிடைக்காமற் போயின. இன்றைய சாதனங்களுக்குக் கூடுதல் ஆண்டுகள் கிடைக்கின்றன என்றாலும், ஐம்பது ஆண்டு அலுமாரியில் இருக்கும் புத்தகத்துடன் இதனை ஒப்பிட முடியாது.

சொந்தம் என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். 2009 இல் அமேசன் நிறுவனம், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில பிரதிகளை உரிமைச் சிக்கல் காரணமாக அவர்களுடைய கிண்டில் சாதனங்களிலிருந்து தானாகவே அழித்தது. எனவே நம் கையில் கோப்பாக இருப்பதே நமக்குச் சொந்தம். அதுவும் ஒரே இடத்தில் இருந்தால் போதாது. இடப்பெயர்வு கற்பித்த கேள்விகள் இரண்டு. தூக்கிச் செல்ல முடியுமா? விட்டுச் சென்றால் மறுபடி கிடைக்குமா? முதற் கேள்விக்கு அரைக் கிலோ எடையுள்ள டெப்லெட் மிகச் சிறந்த விடை. இரண்டாவதற்கு அது விடையே அன்று. கை தவறி விழுந்தால் அலுமாரி முழுவதும் ஒரே கணத்தில் போய்விடும். ஆகையால் எதை அதில் வைத்தாலும் அதன் பிரதி வேறோரிடத்திலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னைத் தயங்க வைத்தவை இரண்டு. ஒன்று கவனம். வட்ஸ்அப்பும் முகநூலும் உள்ளே வந்துவிட்டால் அது பெரிய தொலைபேசியாகிவிடும். ‘மல்லிகை’ ஐந்தாம் பக்கத்திலேயே நின்றுவிடும். மற்றையது நம் எழுத்தாளர்கள். இங்கே ஒரு தமிழ் நூல் சில நூறு பிரதிகளே அச்சாகின்றது. கைக்காசைப் போட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்பதை நம்பியிருப்பவர்களே பலர். டெப்லெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஓர் ஆண்டுக்கு வெளிவரும் நல்ல நூல்களைத் தாராளமாக வாங்கலாம். இலவசக் கோப்புக்குப் பழகிய கை, நூலுக்குப் பணம் எடுக்கத் தயங்கத் தொடங்கினால் நட்டம் யாருக்கு?

இரு தரப்பையும் எழுதி முடித்த பின் எனக்குக் கிடைத்த முடிவு இதுதான். எழுதுவதற்காக, செய்தி பார்ப்பதற்காக, பிறரிடம் இருக்கின்றது என்பதற்காக டெப்லெட் வாங்க வேண்டியதில்லை. அச்சில் இனிக் கிடைக்காத நூல்களை, அவற்றின் உண்மையான பக்க அளவில் வாசிக்க விரும்புகின்றவர் வாங்கலாம். நான் வாங்கப் போகின்றேன். பத்து அங்குலத்துக்குக் குறையாதது, சிம் அட்டை இடமில்லாதது, நினைவக அட்டை செருகக்கூடியது, உள்ளூர் முகவரின் எழுத்துமூல உத்தரவாதம் உள்ளது. பம்பலப்பிட்டியில் எந்தக் கடைக்குச் சென்றாலும் இந்த நான்கையும்தான் கேட்பேன். அதில் வட்ஸ்அப் ஏறாது. புதிதாக வெளிவரும் ஈழத்து நூல்களைத் தாளிலேயே, விலை கொடுத்தே வாங்குவேன். அந்தச் செலவைக் குறைத்து இந்தச் செலவை ஈடுசெய்வதில்லை என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

அரச நூலகங்கள் செய்ய வேண்டியதைச் சில தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி வைத்திருக்கிறார்கள். அவற்றை யாராவது திறந்து வாசிக்கவும் வேண்டும். எனக்கு எஞ்சியிருக்கும் வாசிப்பு ஆண்டுகள் எத்தனை என்று தெரியாது. கண் ஒத்துழைக்கும் ஆண்டுகள் அதனிலும் குறைவாகவே இருக்கும். 1966 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத ‘மல்லிகை’ முதல் இதழிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கின்றேன்.