அழையா எழுத்தும் அரிய வாசகரும்

அழையாத வீட்டில் நுழைவது தகாது என்று நம் பெரியோர் சிறு பருவத்திலேயே கற்பித்திருக்கின்றனர். கால் வைக்கக் கூசுகிற நாம், நம் எழுத்தை அவ்வாறு நுழைய விடுவதில் கூச்சம் காட்டவில்லை. அக்கூச்சத்தை நாம் காலங்கடந்து கற்ற கதையை அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுதல் நலம்.

பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், மாட்டுங்காவின் பழைய உணவு விடுதிகளைப் பற்றியும், பூக்கடைகளைப் பற்றியும், அங்கே ஓர் அறையில் நால்வராய்த் தங்கி அலுவலகம் சென்ற தமிழ் இளைஞர்களைப் பற்றியும் கட்டுரைகள் எழுதத் தொடங்கினோம். எழுதுகிறவனுக்குப் படிக்கிறவர் வேண்டுமல்லவா? பொங்கல் விழாவுக்கெனத் தொகுத்த பட்டியலொன்று நம் கையில் இருந்தது. அதிலிருந்த 212 பேருக்கும் கைப்பேசி வழியே கட்டுரையை அனுப்பினோம். நமக்கு 212 வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று அன்றிரவு மகிழ்ந்து உறங்கினோம்.

மூன்றாவது கட்டுரை சென்ற அன்று, செம்பூரிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். “தம்பி, காலை எட்டு மணிக்குள் என்னிடம் மூவர் வந்துவிடுகிறார்கள். ஒருவன் கடன் தருகிறேன் என்கிறான். ஒருவன் வீடு விற்கிறேன் என்கிறான். நீங்கள் கட்டுரை தருகிறேன் என்கிறீர்கள். நான் மூவரையும் கேட்கவில்லையே!” என்றார். குரலில் கடுமை இல்லை. அதனாலேயே அது நம்மை மிகவும் சுட்டது. வேண்டாத அழைப்புகள் வராதிருக்க 1909 என்னும் எண்ணில் பதிவு செய்துகொண்டு, அண்டை வீட்டாருக்கும் அதை எடுத்துரைத்தவர் நாம். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, அதே குற்றத்தை நாமே செய்திருந்தோம்.

நிற்க. இக்குற்றத்திற்கு நெடிய வரலாறு உண்டு. 1978 மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலரான கேரி துர்க் என்பவர், புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மூச்சில் மின்னஞ்சலாக விடுத்தார். சினந்தவர் பலர், ஆயினும் அதனால் விற்பனை நடந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். இத்தகைய அஞ்சலுக்குப் பிற்காலத்தில் வழங்கிய ‘ஸ்பாம்’ என்ற பெயர், தகரப் பெட்டியில் அடைத்து விற்கும் இறைச்சியொன்றின் பெயர். உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அவ்விறைச்சியே வந்து நிற்பதாக 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவை நாடகமே அப்பெயருக்குக் காரணம். அனுப்புகிறவனுக்குச் செலவு இல்லை. தள்ளி எறியும் பாடு முழுவதும் பெறுகிறவனுக்கே. இதுவே இத்தீமையின் வேர்.

பெரியவரிடம் பொறுத்தருள வேண்டினோம். பின்னர் ஒவ்வொருவரையும் தனித்தனியே, “இனி அனுப்பலாமா?” என்று கேட்டோம். அனுப்புக என்றவர் 19 பேர். 212 எனப் பூரித்த உள்ளத்திற்கு அது பெரிய சரிவாகவே தோன்றியது.

சில திங்கள் கழித்து, அப்பத்தொன்பதின்மருள் ஒருவரைத் தாதர் நிலையத்தில் கண்டோம். “நாக்பூரில் இருக்கும் என் அத்தைக்கு உங்கள் கட்டுரையைக் கொடுத்தேன். உங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறார்களே!” என்றார். அப்படியொரு கடிதத்தை நாம் கண்டதேயில்லை. வீடு திரும்பி, குப்பை அஞ்சல்கள் சேரும் பெட்டியைத் திறந்தோம். பரிசுச் சீட்டுகளுக்கும் போலி மருந்துகளுக்கும் இடையே, புகைப்படத்துடன் அக்கடிதம் கிடந்தது. வந்து 26 நாள்கள் ஆகியிருந்தன. 30 நாள்களில் அப்பெட்டியிலுள்ளவை தாமே அழிந்துவிடும்.

அம்மையாரின் மறைந்த கணவர் மாட்டுங்காவில் நாம் எழுதிய அத்தகைய அறையொன்றில் தங்கியவராம். அந்நாளைய படம் அது. நாம் பூக்கடையைத் தெருவின் எதிர்ப்புறத்தில் வைத்து எழுதிவிட்ட பிழையையும் சுட்டியிருந்தார். இறுதியில், “கண்ணொளி குறைந்துகொண்டே வருகிறது. படிக்க இயலும்போதே அடுத்ததை எழுதுவீர்களா?” என்று கேட்டிருந்தார்.

அன்றே தொலைபேசியில் அழைத்து, எழுதி முடித்திருந்த கட்டுரையைப் படித்துக் காட்டினோம். இன்றும் ஞாயிறுதோறும் அவருக்கு நாம் வாய்விட்டே படிக்கிறோம். பிழை கண்டால் இடையில் நிறுத்திவிடுகிறார்.

பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. முகமறியாத ஒருவர் படத்தோடு எழுதினால் அதற்கு ஐயம் எழுவது இயல்பே. வாசகரும் வணிகரும் முதன்முறை அந்நியராகவே வருகின்றனர். ஆயினும் வாசகர் நம்மைப் படித்துவிட்டு வருகிறார். ஆகவே கிழமைக்கு ஒரு முறையேனும் அப்பெட்டியைத் திறந்து பார்க்கிறோம்.

‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி.சு. செல்லப்பா, நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்றவர். எதிரே நிற்பவர் வேண்டாம் என்று சொல்வதற்கு அங்கே இடமிருந்தது. அன்பர்களே, உங்களுள் எழுதுகிறவர்கள் பலர் உண்டு. அந்த இடத்தைப் பிறர்க்கு விட்டுவிட்டு அனுப்புங்கள். வருகிறவர் சிலரே ஆயினும், நீங்கள் தெருவின் எப்புறத்தில் பூக்கடையை வைத்தீர்கள் என்பதைக் கவனிப்பவராக அவர் இருப்பார்.