இரக்கமும் இல்மும்

பிராணிகளுக்கு மருத்துவம் செய்பவரை அறபு மொழி ‘பைத்தார்’ என்றழைக்கும். மூலிகை நூலால் புகழ்பெற்று, 1248ஆம் ஆண்டில் டமாஸ்கஸ் நகரில் மறைந்த இப்னுல் பைத்தார் அவர்களின் பெயருக்கு ‘பிராணி மருத்துவரின் மைந்தர்’ என்பதே பொருள். இச்சொல்லை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் தில்லியில் வாழும் இரு சகோதரர்களை நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மது சவூத் என்பன அவர்தம் பெயர்கள். பழைய தில்லியில் கரும்பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வானில் வீசி ஸதக்கா செய்வோர் உண்டு. அதனைக் கண்டு வளர்ந்தவர்கள் இவர்கள். அடிபட்ட பருந்தொன்றை இளமையில் இவர்கள் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, ‘இது புலால் உண்ணும் பறவை’ என்று அங்கே சேர்க்க மறுத்துவிட்டனராம். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்பது நபிமொழி. அந்த நாய் எதைத் தின்று வாழ்ந்தது என்ற கேள்வி அங்கே எழவில்லை. இச்சகோதரர்களும் அதனைக் கேளாமல், தம் இல்லத்திலேயே பருந்துகளுக்குச் சிகிச்சை செய்யலாயினர். அவர்தம் வாழ்வைச் சித்திரிக்கும் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2022இல் வெளிவந்து உலகின் பாராட்டைப் பெற்றது.

ஆயினும், இரக்கம் மட்டும் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கவில்லை. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் சிறகின் முன்விளிம்புத் தோலையும், அதனுள் ஓடும் தசைநாணையும் அறுத்துவிடும். அந்நாண் முற்றும் அறுந்த பறவை மீண்டும் பறப்பது அரிது. எனவே தசை, நாண், எலும்பு ஆகியவற்றின் அமைப்பை அவர்கள் முயன்று கற்றனர்.

சென்ற கோடையில் நம் மாணவனொருவன், கண்ணாடிச் சன்னலில் மோதி விழுந்த செம்போத்தினை ஏந்தி வந்தான். “ஹஜ்ரத், பால் புகட்டட்டுமா?” என்றான். “வேண்டாம் தம்பி” என்று தடுத்தோம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால், வலிந்து ஊற்றும் நீரும் நுரையீரலுக்குள் புகுந்து உயிரைப் போக்கக்கூடும். பாலோ பறவைக்குச் செரிக்காத உணவு. துண்டொன்றினால் மெல்லப் போர்த்தியெடுத்து, துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சந்தடியற்ற அறையில் இருத்தச் செய்தோம். எட்டிப் பார்க்கத் துடித்த பிள்ளைகளை விலக்கினோம். மனிதப் பார்வை பறவைக்குப் பேரச்சம். அவ்வச்சமே அதனைக் கொல்லவும் கூடும்.

கால்நடை மருத்துவர் சிறகைக் கட்டிவிட்டு, வனத்துறையினரிடம் ஒப்படைக்கப் பணித்தார். காட்டுப் பறவையை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. வளர்க்கும் ஆசையோடிருந்த மாணவன் கண் கலங்கினான். “இது நமது உடைமை அன்று, தம்பி, அமானத்து. அமானத்தை உரிய இடத்தில் சேர்ப்பதே நம் கடமை” என்று தேற்றினோம்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 15ஐ ஒட்டித் தில்லியில் பட்டங்கள் எழும், பருந்துகள் விழும். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவைத் தடைசெய்தது. சட்டம் கடைத்தெருவில் தடுக்கட்டும். பெற்றோர்களே, நம் பிள்ளைகள் கையில் அந்நூல் சேராமல் இல்லத்தில் நாம் தடுப்போம். அறுந்த சிறகைத் தைப்பது சிலருக்கே கைவரும். அறுபடாமல் காப்பது நம் அனைவருக்கும் இயலும்.